தேவகுமாரின் முதுகு நீர்

எழுந்து உட்கார்ந்தால் தேவகுமாருக்குத் தலை வெடித்தது. படுத்தால் விட்டுவிட்டது. வரும் ஞாயிறு மகள் ஜெஸ்மிக்கு நிச்சயதார்த்தம். பாறசாலை வீட்டு முற்றத்தில் பந்தல் ஏறிக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவர் பாயில் மல்லாந்து கிடந்தார்.

புரண்டு படுத்தபோது முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, மனைவி சுகிர்தபாயின் கண்ணில் பட்டுவிட்டது.

“இது என்னவாக்கும்?”

“திருவனந்தபுரத்துல ஷீனா டாக்டரு முதுகுத்தண்டுல இருந்து கொஞ்சம் நீரு எடுத்தாவ, அதுலதான் எழும்பினா தலை வெடிக்குது. மோட்டார் நியூரான் நோயைக் கண்டுபிடிக்கதுக்கு.”

“யேசுவே! ஞானதாசு அண்ணனுக்கு வந்ததா?”

சபைப் பாடகர் குழுவில் தேவகுமாரின் உயிர்க் கூட்டாளி ஞானதாஸ். மாப்பிள்ளை வீட்டுக்கும் வேண்டியவர்; ஜெஸ்மிக்கு இந்த வரனைச் சொன்னதும் அவர்தான். கை மெலிந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். நோயின் பெயர் தெரிந்தபோது கரண்டி தூக்கக்கூட முடியவில்லை. அந்த வேதனை தேவகுமாருக்கு ஆறவே இல்லை. நீரில் உள்ள ஒரு புரதம் இந்த நோயைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கலாம், ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று ஞானதாஸுக்கு வைத்தியம் பார்த்த ஷீனா சொன்னதும் துள்ளிக்கொண்டு ஓடினார்.

“எனக்கு நோய் இல்ல, சுகிர்தா! நோய் இல்லாதவங்க நீரும் வேணும், ஒத்துப் பாக்கதுக்கு. எல்லா டெஸ்டுலயும் நான் பாஸாக்கும்!”

“நோய் இல்லாதவன் முதுகுல எந்த டாக்டராவது குத்துவாளா? உங்கள்ட்ட மறைச்சிருக்காவ.”

அழுதுகொண்டே அவள் பெண்கள் சங்கத்து வாட்ஸ்அப்பில், கணவருக்கும் அந்த நோய், ஜெபியுங்கள் என்று ஜெபக்குறிப்பு போட்டாள். போட்ட பிறகுதான், பனச்சமூட்டிலிருந்து வரும் மாப்பிள்ளையின் அம்மா மினியும் அதில் இருப்பது நினைவுக்கு வந்தது. பதறிப்போய் அழித்தாள். அதுதான் வினை. அதற்குள் குறிப்பைப் பார்த்துவிட்டவர்கள் பார்க்காதவர்களுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் சங்கத்துப் பெண்கள் பாட்டுப் புத்தகமும் பழமுமாக வந்துவிட்டார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல! இஞ்ச பாருங்க!” என்று தேவகுமார் துள்ளி எழுந்து முற்றத்துக்கு நடந்தார். தலை சுற்றியது. பந்தல் கம்பைப் பிடித்தார். கம்பும் துணியும் அவரும் சேர்ந்து கீழே வந்தார்கள்.

“கைக்குப் பிடிமானம் போச்சு. ஞானதாசுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு” என்று சங்கத்துப் பின்சி விம்மினாள். ஜெபம் இரட்டிப்பானது.

அப்போது மினியின் குரல் செய்தி வந்தது. “மைனி, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். நேர்ல வாறோம்.”

ஜெஸ்மி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாயில் திரும்பச் சாய்ந்த தேவகுமார் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டாளிக்காக ஒரு நல்ல காரியம் செய்யப் போய்ப் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே!

வாசலில் கார் நின்றது. மினி மட்டும் இறங்கி வந்தாள். கணவர் ஜாயைக் காணவில்லை. முகம் பார்க்கப் பிடிக்காமல் காரிலேயே இருந்துவிட்டார் போலும்.

தேவகுமார் படுத்தபடியே கும்பிட்டார். “சம்பந்தி, எனக்கு நோய் இல்ல. என் பிள்ளைய விட்டுராதீங்க.”

மினி பாயைப் பார்த்தாள், அதில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு சுகிர்தபாயிடம் திரும்பினாள்.

“மைனி, இன்னொரு பாய் விரிங்க. ஞானதாசு பேரைச் சொல்லி எங்க வீட்டு ஆளும் முதுகுல குத்து வாங்கிட்டு, காருல மல்லாந்து கிடக்காரு.”