டீக்கு அழுத பனிமுத்து

சாமியின் வெள்ளித் தட்டில் டீயைக் கொட்டியவன் நான்தான். முழங்கை இடித்துவிட்டது. கொதிக்கிற டீ. தட்டிலிருந்த பனிமுத்துகள் அத்தனையும் சுருங்கி, செக்கச்செவேலென்று அழத் தொடங்கின.

"ஒத்த ஆளோட பாவத்துக்கு மொத்தத் தட்டும் அழுவுது பாருங்க," என்றார் பனிமலைச் சாமி. கூட்டம் சட்டென்று விலகி எனக்கு இடம் விட்டது. முத்தியால்பேட்டையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

பனிமுத்து என்பது மாதுளை முத்துப்போல் சிவந்த, வழவழப்பான உருண்டை. இமயமலையில் விளைகிறதாம், தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. பாவமோ செய்வினையோ உள்ளவர் உள்ளங்கையில் வைத்தால் ரத்தம் கக்கும். அதற்குப் பரிகாரம் உண்டு; பரிகாரத்துக்கு ரசீது கிடையாது. சாமி மட்டும் அதைக் கையால் தொடமாட்டார், வெள்ளிக் கரண்டிதான். துறவிக்குப் புழுக்கம் ஆகாது என்பதால் மண்டபத்தில் ஏசி பற்களைத் தந்தியடிக்க வைத்தது. குளிருக்கு டீயும் விற்றார்கள்; என் கையிலும் ஒரு கிளாஸ். வாசல்வரை வரிசை. எனக்குத் தலைமுடி கொட்டுகிறது, நானும் நின்றேன். சிரிக்காதீர்கள், நீங்களும் எங்காவது நின்றிருப்பீர்கள்.

எனக்கு முன்னால் மீன்கடை அம்மாவாசை. தராசில் அவர் காட்டும் வித்தை ஊரறிந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து நேராக வந்த கை. முத்து அசையவே இல்லை.

"உத்தமன்," என்றார் சாமி. அம்மாவாசையே திடுக்கிட்டுப் போனார்.

அடுத்து செல்வாம்பாள், இடுப்பில் மகள் அபி. பிள்ளைக்கு விடாத காய்ச்சல், கண்ணையே திறக்கவில்லை. அந்தச் சின்னக் கையில் வைத்ததுமே முத்து ரத்தத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"பெரிய செய்வினை. ஊசி, மருந்து எதுவும் கூடாது. பௌர்ணமி வரைக்கும் விபூதி மட்டும்."

செல்வாம்பாள் தலையாட்டினாள். அப்போதுதான் என் முழங்கை இடித்தது.

"சாமி, எனக்குச் செய்வினை இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"அது சூட்சுமம்."

"வண்டி சாவிய எடுத்துட்டு வந்து இங்கயா நிக்கிறீங்க?" என்று பின்னால் ஒரு குரல். என் மனைவி பொலின், லாஸ்பேட்டைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். தட்டைப் பார்த்தாள். கொட்டிய டீயைப் பார்த்தாள். அபியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு யாரிடமோ ஒரு டீ கிளாஸை வாங்கினாள்.

"அம்மாவாசண்ணே, இத ரெண்டு கையாலயும் புடிங்க. கை சூடாவட்டும். ம், இப்ப பெட்டியிலேருந்து புது முத்து ஒண்ண வாங்குங்க."

உத்தமன் கையில் முத்து அழுதது.

"அதுக்குள்ள என்னய்யா பாவம் பண்ண?" என்றார் ஒருவர்.

"டீ கிளாஸதாம்பா புடிச்சேன்."

"இது வலை மாதிரி பின்னுன ஒரு கூழு," என்றாள் பொலின். "குளிர்ல தண்ணியும் சாயமும் குடிச்சி உப்பிக் கெடக்கும். உடம்புச் சூடு பட்டா வலை சுருங்கி, பஞ்சப் புழிஞ்சாப்ல சாயத்த வெளிய தள்ளும். உடம்புக்குள்ள மருந்த மெல்ல விடுறதுக்கு ஆராய்ச்சி பண்ற சரக்கு. சாமி, நீங்கதான் பாவமே இல்லாதவராச்சே. கைய நீட்டுங்க."

சாமி கரண்டியைத் தேடினார். அம்மாவாசை அவர் கையைப் பிடித்து, பெட்டியிலிருந்து இன்னொரு முத்தை எடுத்து வைத்து மூடினார். விரலிடுக்கில் சிவப்பு ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் இமயமலை பின்வாசல் வழியாக இறங்கிப் போயிற்று.

நாங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் இறங்க இறங்க அபி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். செல்வாம்பாள் அழுதாள். நானும்தான்.

"அப்ப எனக்குச் செய்வினை, பாவம் ஒண்ணும் இல்லதானே?" என்றேன் பொலினிடம்.

"செய்வினை கெடையாது. பாவம் இருக்கு. கண்ணு முன்னாடி ஒரு புள்ள நெருப்பாக் கொதிக்கிது. இத ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்கன்னு ஒரு வார்த்த கேக்காம, டீ குடிச்சிக்கிட்டு உங்க முறைக்குக் காத்திருந்தீங்களே. அதக் கண்டுபுடிக்க முத்தெல்லாம் வேணாம்."