குடியை விட்டவன் தேவை

அழகுமுத்து வரமாட்டான் என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது.

"தேயிலைக்கு அடியில படுத்திருக்காருங்க ஐயா," என்றாள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் கவனிக்கும் கிருஷாந்தி. "மேடையில பேச நம்மளக் கூப்புட்டாங்களேங்கிற சந்தோசத்துல நேத்தே ஆரம்பிச்சுட்டாராம்."

தோட்டத்து நலன்புரி அதிகாரி கஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரத்தில் மடுவத்தில் மது விழிப்புணர்வுக் கூட்டம். கொழும்பிலிருந்து பணிப்பாளர் ஜெகதீஸ்வரி மேடம், வீடியோக்காரர் சகிதம் வந்துகொண்டிருக்கிறார். துண்டுப் பிரசுரங்களுக்குக் குறைவில்லை. முக்கால்வாசி சிங்களத்தில் இருந்ததையும் யாரும் குறை சொல்லவில்லை. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. குடியை விட்டவன் ஒருவன்தான் குறை. அவன் இல்லாவிட்டால் கூட்டம் கெடும். கூட்டம் கெட்டால் கஜேந்திரனின் வேலை நிரந்தரமாகாது.

மடுவத்தின் முதல் பெஞ்சில் தோட்டத் தொழிலாளி நல்லமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தான். குழி விழுந்த கண், வற்றிய கன்னம். பின்னால் தொங்கிய பேனரில் கெட்டுப்போன ஈரலின் படம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"ஐயா, ஒரு சந்தேகம் கேக்கணுங்க..."

"கேள்வியெல்லாம் கடைசியில. இன்னைக்கு நீதான் பேசுற. குடிச்சேன், அழிஞ்சேன், விட்டுட்டேன். இவ்வளவுதான்."

"நானாங்க? மைக்கக் கண்டா நாக்கு ஒட்டிக்குமுங்க."

ஒத்திகையில் ஒட்டிக்கொண்டது. "நா... நா..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

கஜேந்திரன் அலமாரியைத் திறந்தார். மேடத்தோடு வருகிறவர்களின் பகல் விருந்துக்காக வாங்கிய சாராயப் போத்தல், பால்மா டின்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பிள்ளைகளின் பிளாஸ்டிக் கப் ஒன்றில் ஊற்றி நீட்டினார்.

நல்லமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். "வேணாங்க ஐயா. கையில கயிறு..."

"கயிறு ஜோரா இருக்கு. வீடியோவுல தெரியிற மாதிரி கையத் தூக்கிப் பேசு. மருந்துன்னு நெனச்சுக் குடிடா, நான் சொல்றேன்ல?"

ஐயாமார் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லாத தோட்டம் அது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

நாக்கு அசைந்தது. கூடவே வாடையும் கிளம்பியது. வாடைக்கு ஏலக்காய் கொடுத்தார். ஏலக்காய் வாயை அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்க இன்னொரு கப் கொடுத்தார்.

மேடையில் நல்லமுத்து வெளுத்து வாங்கினான். மகளுடைய கம்மலை விற்றுக் குடித்ததைச் சொன்னான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், வேலைக்குப் போகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போக, சாக்கடைக் கானுக்குள் கிடந்ததைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் ரத்தமாக வாந்தி எடுத்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டான்.

'சொல்லிக் குடுக்காததையெல்லாம் எடுத்து விடுறானே பய!' என்று கஜேந்திரன் பூரித்துப்போனார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களைப் போல ஒருத்தர் நிரந்தரமா இருக்க வேண்டிய இடம் இது, மிஸ்டர் கஜேந்திரன்."

"அந்த 'விட்டுட்டேன்'ஐ மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, சேர்," என்றார் வீடியோக்காரர்.

இன்னொரு தடவைக்கு இன்னொரு கப் தேவைப்பட்டது. இம்முறை நல்லமுத்துவே போய் அலமாரியைத் திறந்துகொண்டான்.

பங்களாவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் கேள்வி நேரம் இல்லாமலே கூட்டம் முடிந்தது. கைதட்டினார்கள். வேன் போயிற்று. விருந்துக்கு வேறு போத்தல் வாங்க ஆள் அனுப்பிவிட்டுக் கஜேந்திரன் திரும்பியபோது, கொழுந்துக் கூடையோடு நல்லமுத்துவின் மனைவி வேலாயி வாசலில் நின்றிருந்தாள்.

ஈரல் படத்துக்குக் கீழே அவள் புருஷன் சரிந்து கிடந்தான். காலிப் போத்தல் மடியில்.

"வா வேலாயி! ஒன் புருசன் இன்னைக்கு என்னமா நடிச்சான் தெரியுமா? நெசமா விட்டவன்கூட இப்பிடிப் பேசமாட்டான்!"

வேலாயி கூடையை இறக்கினாள். அவன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோயில் தேருக்கு நேந்து கயிறு கட்டுனதுலேருந்து குடியத் தொடாத மனுசங்க ஐயா, மறுபடி ஆச வந்தா என்ன பண்ணணும்னு ஒங்ககிட்டக் கேக்கத்தான் வெள்ளனவே வந்தாரு."