பினாயில் மணவறையும் முட்டி டிரஸ்ஸரும்

ஜோகூர் சமஸ்தானத்திலேயே, மனிதனுக்கு முகம் என்று ஒன்று இருப்பதைக் கவனிக்காத ஒரே ஆள் எங்கள் முட்டி டிரஸ்ஸர்தான். அவரைப் பொறுத்தவரை மனிதன் என்பவன் இரண்டு முழங்கால்கள். அவற்றை இங்குமங்கும் கொண்டுபோக வசதியாக ஆண்டவன் மேலே கொஞ்சம் உடம்பையும் கீழே கொஞ்சம் காலையும் ஒட்டவைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். பெரிய டாக்டர் எப்போதாவது மோட்டார் காரில் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் எங்கள் உயிர் டிரஸ்ஸர் கையில் இருந்தது. அவர் கண் எங்கள் முட்டியில் இருந்தது.

அந்த நாளில் துரை முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அரைக்கால்சட்டைதான். மற்றவர்கள் கைலியை மடித்துக் கட்டியிருப்பார்கள். ஆகவே டிரஸ்ஸருக்கு ஆளை அடையாளம் காண்பதில் சிரமமே இருந்ததில்லை. எதிரே போனால் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன கிராணி, சாப்டாச்சா?" என்று முட்டியிடம் விசாரிப்பார். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போனால், "யாருப்பா அது?" என்பார்.

நோயாளிகள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

"ஐயா, நேத்துலேருந்து காய்ச்சலுங்க."

"குந்து."

"காய்ச்சலுங்க ஐயா!"

"அது எங்க ஓடிடப் போவுது? நீ குந்தி எந்திரி, பாப்போம்."

அந்த ஆள் நடுங்கிக்கொண்டே குந்தி எழ வேண்டும். இவர் காதை அவன் முட்டியருகே கொண்டுபோய், சுவரில் பல்லி சொல்வதைக் கேட்பதுபோல உன்னிப்பாகக் கேட்பார். அதற்குப் பிறகுதான் கொய்னா மருந்து கிடைக்கும்.

பங்களா சமையல்காரர் வேதக்காரர், பக்திமான். சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக முழந்தாளிட்டுச் செபம் செய்வார். ஒரு நாள் முட்டியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். டிரஸ்ஸர் தடவிப் பார்த்தார்.

"சில்லுக்கு முன்னால ஒரு சின்னப் பை இருக்குப்பா. அதுல தண்ணி கோத்துக்கிச்சு. கொஞ்ச நாளைக்கு நின்னுக்கிட்டே செபம் பண்ணு. சாமிக்குக் காது கேக்கும் லா."

நம் சாமிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. முனியாண்டி கோயிலில் சாமி ஒரு காலை மடித்து உட்கார்ந்திருப்பார். தீபாராதனையில் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, இவர் பூசாரியின் காதருகே போய், "எத்தினி வருசமா இப்பிடியே மடக்கி வச்சிருக்காரு? இனிமே நீட்டுறது கஷ்டம்யா" என்றார். பூசாரி அன்று அவருக்கு விபூதி கொடுக்கவில்லை.

ஒரு முறை ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு களவு போயிற்று. திருடன் ஓடுவதை டிரஸ்ஸர் பார்த்திருக்கிறார். "மூஞ்சி தெரியாதுங்க. முட்டியக் காட்டுங்க, சொல்லிடுறேன்" என்றார். துரையும் அதை நம்பி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். டிரஸ்ஸர் குனிந்தபடி ஒவ்வொரு முட்டியாகப் பார்த்துக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில் நின்ற துரையின் முட்டியை இரண்டு கையாலும் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"துரை! இத இவ்ளோ நாளா ஏன் காட்டல? ரொம்ப மோசமா இருக்கே!"

திருடனை அவர் அப்போதே மறந்துபோனார். அவன் கடைசிவரை அகப்படவே இல்லை. துரைக்கு மட்டும் தினமும் ஒத்தடம் நடந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

எனக்கு ஜோகூர் பாருவை ஒட்டிய தம்போயில் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் கறாரான மனிதர். மூத்த மாப்பிள்ளைக்கு இழுப்பு நோய் இருந்ததை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களாம். சூடு கண்ட பூனை அவர். "சின்னதுக்கு நோய்நொடி இல்லாத பையனா வேணும். ஏதாச்சும் இருக்குன்னு தெரிஞ்சிச்சுன்னா, மணவறையிலேருந்தே பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்று தரகரிடம் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர் என்றும் கேள்வி. பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தாள். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு நான் தோட்டம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிராணிகளுக்கும் பால்வெட்டுக்காரர்களுக்கும் பந்தாட்டம். மாப்பிள்ளை முறுக்கில் நானும் இறங்கினேன். பந்தை உதைக்க உடம்பைத் திருப்பினேன். உடம்பு திரும்பியது, சேற்றில் பதிந்த பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டக்' என்றது. அவ்வளவுதான், மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்ட முடியவில்லை.

"நாலு பேரு புடிச்சு இழுத்தா வந்துரும்" என்றார் ஒருவர். நாலு பேரும் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்போது திடலைத் தாண்டி டிரஸ்ஸர் ஓடிவந்தார். கல்யாண வீட்டுக்காரனான என் முகத்தில்கூட அந்த வாரம் அப்படியொரு சந்தோஷம் இருந்ததில்லை.

"யாரும் தொடாதீங்க! இது என் கேசு!"

என்னை ஒரு பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே மேசைமேல் துணி மூடிய ஒரு பொருள். சம்பளம் போட்ட ஞாயிறுகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆடு அடித்துக் கூறு போடுவார்கள். பின்னங்கால் முட்டி ஒன்று டிரஸ்ஸருக்கு என்பது எழுதாத சட்டம். நான் வலியில் துடிக்க, அவர் துணியை விலக்கிப் பாடம் ஆரம்பித்தார்.

"முன்னங்கால்ல இருக்கிறத முட்டிங்கிறானுங்க மடையனுங்க. அது ஆட்டுக்கு மணிக்கட்டு. இதான்யா முட்டி! இங்க பாரு, மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு, முன்னாடி மூடி மாதிரி சில்லு. பக்கத்துக்கு ஒரு நாரு. உள்ள ரெண்டு நாரு, பெருக்கல் குறி மாதிரி குறுக்க போவுது பாரு..."

"ஐயா, வலிக்குதுங்க!"

"வலிக்கட்டும், இதக் கவனி. ரெண்டு எலும்புக்கும் நடுவுல வெள்ளையா ரெண்டு பிறை இருக்கா? மெத்து மெத்துனு? நம்ம தோட்டத்து ரப்பரெல்லாம் இதுகிட்ட வர முடியாது. உனக்கு உள்பக்கத்துப் பிறை கிழிஞ்சு, மடிஞ்சு, நடுவுல மாட்டிக்கிச்சு. கதவு இடுக்குல பாய் சிக்கினா கதவு மூடுமா? இழுத்தா பாய்தான் நாசமாப் போவும். நாலு பேரு இழுத்திருந்தானுங்கன்னா உன் கதை முடிஞ்சிருக்கும்."

பிறகு ஆட்டு முட்டியை வைத்துவிட்டு என் முட்டியை எடுத்துக்கொண்டார். காலை இன்னும் கொஞ்சம் மடக்கினார். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல அசைத்தார்.

"பொண்ணு பேரு என்ன?"

"மீனா..."

'ட்சி' சொல்வதற்குள் காலை ஒரு திருகுத் திருகி நீட்டினார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். கால் நேராகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வலியால் அல்ல. உயிர் திரும்பி வந்தது போல அப்படியொரு நிம்மதி.

அது அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. "கிழிஞ்சது கிழிஞ்சதுதான். ஆறுற வரைக்கும் குந்தக் கூடாது, சப்பணம் போடக் கூடாது, மண்டி போடக் கூடாது. போட்டே, மறுபடியும் மாட்டிக்கும்" என்றார்.

மணவறையில் சப்பணம் போடாமல் எப்படி? கல்யாணத்தைத் தள்ளிவைத்தால் தம்போய்க்காரர் ஏன் என்று கேட்பார். தள்ளிவைக்காவிட்டால், அக்கினிக்கு முன்னால் மடங்கிய கால் மடங்கியபடி நின்று ஊரே பார்க்கும். இரண்டு வழியிலும் மீனாட்சி இல்லை.

"நீ வந்து மணவறையில ஏறு. முட்டிய நான் பாத்துக்கிறேன்" என்றார் டிரஸ்ஸர்.

கல்யாணக் காலை. பெண் வீட்டார் லாரியில் வந்து இறங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தல் முழுக்க பினாயில் நாற்றம். விடிவதற்குள் டிரஸ்ஸர் வாளி வாளியாகப் பினாயிலைக் கரைத்து மணவறைத் தரையில் ஊற்றியிருந்தார்.

"ஆஸ்பத்திரி உத்தரவு! கும்பல் கூடுற இடம் பாருங்க, கிருமி இருக்கும். தரையில யாரும் உக்காரப்படாது" என்று பந்தல் வாசலில் நின்று அறிவித்தார். மணவறையில் ரப்பர் ஷீட்டு அடுக்கும் பலகைப் பெட்டிகள் இரண்டு, பட்டுத்துணி போர்த்தி, ஜோடியாக நின்றன. பட்டு விலகிய இடத்தில் 'லண்டன்' என்று கறுப்பு மையில் தெரிந்தது.

மாமனார் புருவத்தை நெரித்தார். "இது என்னாங்க புது வழக்கமா இருக்கு?"

"சிங்கப்பூர்ல இப்ப பெரிய வீட்டுக் கல்யாணமெல்லாம் இப்பிடித்தானுங்களே! நீங்க பாத்ததில்ல?"

தம்போயில் இருந்துகொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்கப்பூர்ச் சங்கதி தெரியாது என்று ஒப்புக்கொள்வதா? மாமனார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் பாக்காம? எத்தினியோ பாத்திருக்கேன். அங்க பெட்டி இன்னும் கொஞ்சம் உசரமா இருக்கும்."

நானும் மீனாட்சியும் பெட்டிமேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. நான் மூச்சு விட்ட நேரத்தில் யாரோ, "மாப்பிள்ள, மாமனார் காலுல விழுந்து கும்புடுங்க" என்றார்கள். மாமனார் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். பாதி குனிந்தேன்.

"அலமாக்! விழாதீங்க!" பந்தல் அதிர ஒரு குரல். "பினாயிலு! தோலு பொத்துக்கும்!"

மாமனாரே இரண்டடி பின்னால் துள்ளிக் குதித்து, தூர நின்று அட்சதை போட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மேளக்காரர்கள் தும்மிக்கொண்டே வாசித்தார்கள்.

விருந்துக்குப் பிறகு மீனாட்சியிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையைக் குனிந்தபடி, "தெரியும்ங்க. பெட்டியில ஏறும்போதே டிரஸ்ஸரய்யா காதுல சொல்லிட்டாரு. 'இவன குந்த விடாதம்மா'ன்னு" என்றாள்.

"அப்பாகிட்ட நீ சொல்லலியா?"

"எதுக்குச் சொல்லணும்?"

அந்தப் பதிலில் என் முட்டி பாதி ஆறிவிட்டது. மீதி ஆறும்வரை மீனாட்சி என்னைக் குந்த விடவில்லை. அதற்குப்பிறகு எங்கள் தோட்டத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் பெட்டிதான் மணவறை. முகூர்த்தத்துக்கு முன்னால் நான்கு மூலையிலும் பினாயில் தெளிப்பதும் சடங்காகிவிட்டது.

பிறகு டிரஸ்ஸர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். சில வருஷம் கழித்து ஜோகூர் பாரு கடைத்தெருவில், நானும் மீனாட்சியும் துணி வாங்கப் போன இடத்தில், தரையைப் பார்த்தபடி அவர் எதிரே வந்தார். "டிரஸ்ஸரய்யா!" என்று ஓடினேன். அவர் என் முகத்தை மரியாதையோடு பார்த்தார்.

"மன்னிக்கணும். யாருன்னு தெரியலியே."

அன்று நான் நீளக் கால்சட்டை போட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. நடுத்தெருவில் நின்று வலது பக்கக் கால்சட்டையைச் சுருட்டி மேலே தூக்கினேன். அவர் குனிந்தார். அப்படியே உட்கார்ந்து என் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அட, கிராணி! மீனாட்சி புருசன்!" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. கெலாங் பாத்தா பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்தாகிவிட்டது. இந்த வயதில் இதென்ன வேஷம் என்று ஊர் சிரிக்கிறது. ஆனாலும் ஜோகூர் பாருவுக்குப் புறப்படும்போது நான் மறந்து நீளக் கால்சட்டையை எடுத்தால், மீனாட்சி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அரைக்கால்சட்டையை நீட்டுகிறாள்.

"இதப் போட்டுக்குங்க. அவரு எதுக்க வந்தாருன்னா தெரிய வேணாமா?"