உன் பெட்டிக்குள் என் குரல் பிந்துவது சம்பந்தமாக

ஜெயபுரம்,
வெள்ளிக்கிழமை.

என்ரை குஞ்சனுக்கு,

உன் அக்கா இராசமலர் எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். தம்பியின் சுகத்தையும் கேட்பதுதான் முறை. நீ செத்துப் பதினொரு மாதம், எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

பிள்ளையார் கோவிலுக்கென்று நீ இசை போட்ட பாட்டில் என் குரல் மட்டும் இல்லாமல் கிடக்கிறதல்லவா, உன் திவசத்துக்கு முதல் அதைப் பாடி முடிப்போம் என்று கொம்பியூட்டரில் பாட்டுப் பதிகிற உன் பெட்டியில் மைக்கை மாட்டிக்கொண்டு இருந்தேன். ஹெட்போனில் என் குரல் பிந்திப் பிந்தி வருகிறது. நான் நிற்க அது பாட, அது நிற்க நான் பாட, வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. வயர் நீளம், குரல் நடந்து களைக்குதாக்கும் என்று சுருட்டிக் கட்டினேன். பெட்டிக்குத் திருநீறும் பூசினேன். கடைசியில் நெளுக்குளத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற சித்தியின் மகள் சுகந்தினி வந்து பார்த்துச் சிரித்தாள். கொம்பியூட்டரில் தொங்குகிற ஒரே யூ.எஸ்.பி. பிளக்கில் உன் பெட்டி, என் போன், சின்ன ஃபான், உன் படத்துக்குப் போட்ட கலர் லைற் எல்லாம் குத்தியிருந்தேன். அவள் பெட்டியை மட்டும் நேரே கொம்பியூட்டரில் குத்தி, பஃபர் என்ற இடத்தில் ஆயிரத்துச் சொச்சத்தை நூற்றி இருபத்தெட்டாகக் குறைத்தாள்.

"குரலை மூட்டையாக் கட்டி அனுப்பினாப் பிந்தும் அக்கா. சின்னச் சின்னனா அனுப்ப வேணும்."

குரல் நேரத்துக்கு வந்தது. பாடி முடித்தேன்.

பிறகுதான் விளங்கியது. போன தையில் நீ என்னைப் பாடவிட்ட அன்றும் இப்படித்தான் பிந்தியது. சின்னனில் நான் "சாப்பிட்டியோ?" என்றால் நீயும் "சாப்பிட்டியோ?" என்று திருப்பிச் சொல்லுவாய். அதே நக்கல் என்று நினைத்து, "நாப்பது வயசிலயும் பகிடியோடா" என்று ஹெட்போனை எறிந்துவிட்டு எழும்பினேன்.

"அக்கா, அது நானில்லை, பெட்டி" என்று படலை வரைக்கும் பின்னால் வந்தாய்.

என் போனும் ஃபானும் அன்றும் அதில்தான் குத்தியிருந்தன. கழட்டச் சொல்லி எத்தனை தரம் சொன்னாய். நான் இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை மாரடைப்பு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பிழை என்னிலதான் ராசா. பிள்ளையார் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அக்கா.

பி.கு: சுகந்தினி பஸ் ஏறினதும் பஃபரைப் பழையபடி ஏத்தி, எல்லாத்தையும் பழைய பிளக்கில குத்திப்போட்டன். மைக்கில "சாப்பிட்டியோ?" எண்டு கேட்டன். ஒரு சொட்டுப் பிந்தி, "சாப்பிட்டியோ?" எண்டு வந்தது. ஓமடா, நான் சாப்பிட்டன். நீ?