நான்தான் அந்தப் பச்சை மேடு

லாங்னாவ், செப்டம்பர் 9

மதிப்புக்குரிய அண்ணன் ஹான்ஸ்யோர்க் அவர்களுக்குத் தங்கை வெரேனா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பதினாலு பசுக்களும் நலம். நீங்களும் எடித் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

அப்பாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கென்று தாங்கள் வரையச் செய்த குடும்பக் கேடயச் சின்னம், வண்ணக் கண்ணாடியாக வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மாட்டுவதற்கு நீங்கள் அனுப்பிய ஆள் சமையலறை ஜன்னலைக் கழற்றினார், கண்ணாடி சட்டத்தைவிட அரை விரல் அகலம் கூடுதல் என்றார், திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அன்றைக்கே மழை, அப்பாவுக்குச் சளி. ஓட்டைக்குச் சாக்கு கட்டிவிட்டு, எந்த உருவம் யாரைக் குறிக்கும் என்று கூட வந்த விளக்கத் தாளைப் படிக்க உட்கார்ந்தேன். கரடி, தலைமைக்கு அடையாளம், மூத்த மகன். இரண்டு பொன் நட்சத்திரங்கள் உங்கள் பிள்ளைகள். அதில் ஒரு நட்சத்திரம் கார் ஓட்டும் பரீட்சையில் நாலாவது முறையாகத் தோற்றிருக்கிறது. பக்கத்தில் ஓர் இலை, அண்ணியின் மென்மையாம். தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் நான் இல்லை. உங்களுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னீர்கள், ஞாபகமிருக்கிறதா?

"கீழ பச்சையா மூணு மேடு இருக்கே, அது நீதாம்மா. அடித்தளம். அது இல்லேன்னா கரடி எங்க நிக்கும்?"

"அப்போ என் மேல நிக்குதா?"

"அப்படி எடுத்துக்காதே வெரேனா. கேடயத்துல அது பெரிய மரியாதை."

பெரிய மரியாதைதான். பதினோரு வருஷமா அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கிறது யாரு, சவரம் பண்ணி விடுறது யாரு? இந்த வருஷம் முழுக்க அவர் உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறார், நானும் "என்னப்பா"ன்னு போய் நிக்கிறேன். கரடி கிறிஸ்துமஸுக்கு ஒருதரம் வருது, மத்தியானமே கிளம்பிடுது. எனக்கு வயித்தெரிச்சல்தான், மறைக்கல. அதனால ஞாயித்துக்கிழமை பிறந்தநாள் விருந்துக்கு நான் சமைக்கப் போறதில்ல. கண்ணாடியைத் திருப்பி அனுப்புறேன். அப்பாவையும் நீயே கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ, மேடு கொஞ்ச நாள் படுத்துக் கிடக்கட்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். நட்சத்திரங்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் கீழே இருக்கும் தங்கை,
வெரேனா

பின்குறிப்பு: கட்டி அனுப்பலாம்னு கண்ணாடியை மேஜைமேல வச்சேன். அப்பா நாற்காலியிலேருந்து குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கரடிமேல விரலை வச்சு, "வெரேனா"ன்னார். நான் அழுதுட்டேன். கண்ணாடி இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க, நானே சமைக்கிறேன். விளக்கத் தாளை அடுப்புல போட்டுட்டேன். அந்தக் கரடி நீதான்னு அப்பாகிட்ட சொல்லிடாதே அண்ணா.