நீலச் சட்டை பச்சையான நாள்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளாக உங்கள் பொறுமையைச் சோதித்துவரும் அடியேனின் வணக்கம். உடம்பு நலம். மனசு நேற்று மத்தியானத்திலிருந்துதான் நலம்.

எங்கள் அச்சகத்துக்கு வந்த புது மேனேஜர், மெஷின் பிரிவுக்கு நீலச் சட்டையும் பைண்டிங் பிரிவுக்குப் பச்சைச் சட்டையும் கொடுத்தார். அதுவரை ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள், அன்றே தனித்தனி மேசை. ஏணி கேட்டால், "நீலத்துக்கெல்லாம் ஏணி கிடையாது!" என்கிறார்கள். நான் மட்டும் யோக்கியமா? அவர்களுக்குக் கத்தரிக்கோல் தர மறுத்தவனே நான்தான். அந்தப் பெருமையில் என்னையே நீலத்துக்குப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டு வாரம் கட்டட வேலை. வாரத்துக்கு ஒரு பிரிவுக்கு லீவு. "யாருக்கு எதுன்னு நீங்களே பேசிக்குங்க. ஒத்து வரலன்னா யாருக்குமே கிடையாது" என்றார் மேனேஜர். நம் பெண்ணுக்கு முதல் வாரத்தில்தான் பிரசவத் தேதி. உங்கள் தங்கை ஏற்கெனவே அவளிடம் போய்விட்டாள், நான் போகவேண்டும். நாங்கள் முதல் வாரம் கேட்டோம். கேட்ட பாவத்துக்கு அவர்களும் அதையே கேட்டார்கள். மூன்று முறை பேசியும் நகரவில்லை, எனக்கோ தூக்கமில்லை. நேற்றுதான் கடைசிப் பேச்சு. போகும் அவசரத்தில் மஞ்சள் மை டப்பாவை என்மேலேயே கவிழ்த்துக்கொண்டு, துணியால் துடைக்கத் துடைக்க, நீலச் சட்டை நல்ல பச்சையாகிவிட்டது. அப்படியே போனால், பைண்டிங்கில் புதிதாகச் சேர்ந்த இருவர் நாற்காலி இழுத்துப் போட்டு டீ கொடுத்து, "நமக்கு ரெண்டாவது வாரந்தாண்ணே வசதி, பசங்களுக்கு அப்பதான் ஸ்கூல் லீவு. ஆனா அவனுங்களுக்குச் சும்மா விட்டுக்குடுக்கறதா?" என்கிறார்கள்! நான் டீயை முடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, "எங்களுக்கு ரெண்டாவது வாரம் குடுங்க" என்றேன். பைண்டிங் தலைவர், பட்டப்பெயர் பசை அண்ணன், மேசையைத் தட்டினார். "அதெப்படி? அது எங்களுக்கு!" சரி என்று பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்துதான் சிரித்தேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் போன் வந்துவிட்டது. பேத்தி பன்னிரண்டு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டாள், தாயும் சேயும் சுகம். ஓடும் மெஷினை விட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன். பசை அண்ணன் வந்து, "பேத்தி பொறந்ததுக்கு எதுக்குய்யா பேச்சுவார்த்தை? கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு மெஷினில் நின்றுகொண்டார். லீவே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன், மச்சான்.