ஏழாம் நம்பர் மலையில் மழை

"மழை பெஞ்சா நமக்கே தெரியுந்தானே மாமா? பொறவு என்னத்துக்கு அந்தப் பெட்டி போன் பண்ணிச் சொல்லணும்?"

பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று நான்கு வயது நிலக்ஷி ஒருநாள் இப்படிக் கேட்டாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் சின்னக் கட்டடம் அது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு மண்மேடு செங்குத்தாக நின்றது. அதற்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே ஏழாம் நம்பர் மலை.

கேட்கப்பட்டவன் நிதுஷன். நோர்வூட் பக்கத்துப் பிள்ளைதான்; இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. மழை அளக்கும் பெட்டி, தண்ணீர் அளக்கும் பெட்டி என்று வாயில்லாத பொருள்களுக்குள் சிம் போட்டுப் பேச வைப்பது அவன் தொழில். எந்த மேட்டில் எந்த டவரின் சிக்னல் கிடைக்கும், எந்த சிம் பொருந்தும், பெட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று திட்டம் போடுகிறவன்.

அவன் பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"மலை உச்சியில பெய்யிற மழை இங்க தெரியாதும்மா. ரொம்பப் பெஞ்சா மண்ணு ஊறிச் சரிஞ்சிரும். அதுக்கு முன்னாலயே பெட்டி பிரியந்தி டீச்சருக்கு மெசேஜ் அனுப்பிரும். நீங்க எல்லாரும் மாதா கோயில் மண்டபத்துக்குப் போயிறலாம்."

"தமிழ்லயா அனுப்பும்?"

"தமிழ்லதான்."

ஆனால் பெட்டி அனுப்பவில்லை. தமிழிலும் இல்லை, வேறெந்தப் பாஷையிலும் இல்லை.

மழையோ விடாமல் பெய்தது. ஆற்றில் தண்ணீர் சிவந்து ஓடியது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் கோழிகள் கூட்டை விட்டு இறங்க மறுத்தன. நிதுஷனின் போனில் மட்டும் ஏழாம் நம்பர் மலை சித்திரை மாதம்போல் காய்ந்து கிடந்தது. மழை தொடங்கும்போது ஓரிரண்டு துளிக்குச் செய்தி வரும். அடுத்த நிமிடம் மௌனம்.

கொழும்பிலிருந்து அவனுடைய மேலாளர் ரிஃகான் பேசினார்.

"என்ன தம்பி, நோர்வூட்ல வெள்ளம்னு டிவியில காட்டுறாங்க. ஒங்க பெட்டி டிவி பாக்கிறதில்லையா?"

"சிக்னல் பிரச்சினை மாதிரி இருக்கு சேர்."

"திட்டத்துல ஃபுல் சிக்னல்னு போட்டிருந்தீங்களே?"

"வெயில்ல ஃபுல் சேர். மழையில கரைஞ்சு போகுது."

சொல்லும்போதே அவனுக்கு நாக்குக் கூசியது. ஆனால் வேறென்ன நினைப்பது? பெட்டியைப் பட்டறையில் வைத்துச் சோதித்தபோது அழகாகப் பேசியது. மலையில் அவன் கைப்போன் ஐந்து கோடும் காட்டியது. பனிமூட்ட நாட்களில் பெட்டரி வீணாகக்கூடாதென்று, மழை விழும்போது மட்டும் பேசு, மற்ற நேரம் தூங்கு என்று பெட்டிக்குக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். அந்த யோசனைக்காக ரிஃகான் சேர் அவனைப் பாராட்டிக்கூட இருந்தார்.

மழை விட்டதும் மலையேறிப் பார்த்தான். மழைக்குள் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது கம்பனி விதி. அதனால் எப்போதும் மழை விட்ட பிறகுதான் ஏறுவான். பெட்டி கம்பத்தின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பெட்டி சொகமா இருக்கா தம்பி?" என்று கேட்டாள் ஐவி. அந்தக் குழுவில் மூத்தவள். கூடை நிறைந்தாலும் வாயில் மாதா பாட்டு நிற்காது.

"சொகமாத்தான் இருக்கு அக்கா. பேசத்தான் மாட்டேங்குது."

"புது எடந்தானே. கூச்சப்படும்."

நிதுஷன் நோர்வூட் டவுனுக்கு இறங்கி, பைஸர் நானாவின் போன் கடையில் வேறொரு கம்பனியின் சிம் கேட்டான்.

"இதப் போடுங்க தம்பி," என்றார் பைஸர் நானா. "நம்ம கடையில இருந்து போன சிம் பேசாம இருந்ததே இல்ல. என் மருமகனுக்கு ஒண்ணு குடுத்தேன். அன்னைக்கு ஆரம்பிச்சவன், இன்னும் நிப்பாட்டல."

புதிய சிம் போட்டான். அத்தோடு நிற்காமல் பெட்டியையே ஹலோ கல்லுக்கு மாற்றினான். மலையின் நெற்றியில் துருத்திக்கொண்டிருக்கும் பாறை அது. குவைத்திலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகளோடு பேச வேண்டுமென்றால் தோட்டமே அதன் மேல்தான் ஏறும். அங்கே கிடைக்காத சிக்னல் இலங்கையில் வேறெங்கும் கிடைக்காது. பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்காருவதும் அந்தக் கல்லடியில்தான். பெட்டி தங்களுக்குப் பக்கத்தில் குடிவந்ததில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அன்று பின்னேரம் மழை கொட்டியது. முன்பு வந்துகொண்டிருந்த இரண்டு துளிச் செய்தியும் இப்போது வரவில்லை.

மறுபடி பைஸர் நானா. இந்த முறை ஓர் ஆள் உயர அன்டனா.

"இதப் போட்டா மக்காவுக்கே சிக்னல் போகும் தம்பி."

"எனக்குப் பிள்ளைக்காம்பரா வரைக்கும் போனாப் போதும் நானா."

அன்டனாவையும் நட்டான். அதன் பிறகு பெட்டி அறவே வாய் திறக்கவில்லை. பிரியந்தி டீச்சர் வழியில் கண்டால், "சேர், எங்க போனுல பிழையா?" என்று பணிவாகக் கேட்பார். நிலக்ஷிக்குப் பணிவெல்லாம் கிடையாது. "ஒங்க பெட்டி ஊமையா மாமா?" என்பாள்.

ரிஃகான் சேர் கடைசியாகச் சொல்லிவிட்டார். "அந்த மலையில சிக்னல் இல்லைன்னா விட்டுருவோம். லிந்துலையில ஒரு தோட்டம் பெட்டி கேட்டுக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை நான் வாறேன். மலையில இருந்து என் போனுக்கு ஒரேயொரு மெசேஜ் வந்தாலும் பெட்டி அங்கேயே இருக்கட்டும். வராட்டி ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்துருவேன்."

அந்த மண்மேட்டையும் அதன் கீழே பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகளையும் நினைத்தபோது நிதுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வானம் இடிந்து விழுவதுபோல மழை. விதி கிடக்கட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு ஏறினான். குடை முதல் வளைவிலேயே மடங்கியது. அட்டைகள் இரண்டு காலிலும் விருந்துக்கு உட்கார்ந்தன. மூச்சிரைக்க ஹலோ கல்லை எட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அங்கே ஒரு கூடாரம் இருந்தது.

அவன் நட்ட அன்டனாதான் நடுக்கம்பம். அதன்மேல் நீலப் பொலித்தீன். அதற்கும் மேலே, கொழுந்தெடுக்கும்போது மழைக்குப் போர்த்திக்கொள்கிற தடித்த படங்குகள் இரண்டு. நான்கு மூலையும் தேயிலைச் செடிகளில் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே பெட்டி ஒரு துளி ஈரமில்லாமல், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல இருந்தது. வெளியே, காற்றுக்குப் பறக்கப் பார்த்த ஒரு மூலையைப் பிடித்தபடி, தலையிலிருந்து கால்வரை நனைந்து, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாள் ஐவி.

"ஐயோ தம்பி! இந்த மழைக்குள்ள என்னத்துக்கு வந்தீங்க? இதுக்குள்ள வாங்க, பெட்டிக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

"அக்கா... இது என்னாக்கா?"

"பெட்டி நனையக்கூடாதுல்ல. மொத நாள் நீங்கதானே சிம்மு போடுற கதவ மூடிக்கிட்டே சொன்னீங்க, தண்ணி உள்ள போனா அவ்வளவுதான்னு."

"அன்னையில இருந்தா?"

"அன்னையில இருந்துதான். ஆளாளுக்கு மொறை போட்டு நிக்கிறோம். மொதல்ல எட்டத்துல இருந்திச்சா, ஓடிவந்து மூடுறதுக்குள்ள ரெண்டு சொட்டு விழுந்துரும். நீங்க நல்ல மனசு பண்ணி இங்கிட்டு மாத்துனீங்க. கம்பி வேற நட்டுக் குடுத்தீங்க, கட்டுறதுக்குச் சுகமாப் போச்சு. மழ விட்டதும் கழட்டிருவோம். பெட்டரிக்கு வெயிலு படணும்னீங்களே." அவள் பெருமையோடு நிமிர்ந்தாள். "மாதா சத்தியமாச் சொல்றேன், ஒரு சொட்டு உள்ள போவல தம்பி."

நிதுஷனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஊரெல்லாம் நனைய, தன் போர்வையைக் கழற்றி ஓர் இரும்புப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு நடுங்கி நிற்கிறவளிடம் எப்படிக் கோபிப்பது? ஆண்டவர் மனிதனுக்கு அவ்வளவு கல்நெஞ்சைக் கொடுக்கவில்லை. அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"அக்கா, கதவுக்குள்ளதான் தண்ணி போகக்கூடாது. மேல இந்தப் புனல் இருக்கே, இதுக்குள்ள மழை விழணும். விழுந்தாத்தான் பெட்டி முழிக்கும். முழிச்சாத்தான் பேசும்."

ஐவியின் முகம் வாடியது. "அப்ப நாங்கதான் கெடுத்தோமா?"

"நீங்க இல்லக்கா. நான்தான் ஒழுங்காச் சொல்லல."

"நாளைக்குப் பெரிய சேர் வந்து கழட்டிக்கிட்டுப் போயிருவாருன்னு பேசிக்கிறாங்களே."

"ஒரு மெசேஜ் போனாப் போதும், போக மாட்டாரு. இதக் கழட்டுவோம். இந்த மழைக்கு ஒண்ணு என்ன, நூறு போகும்."

இருவரும் அவசர அவசரமாகக் கூடாரத்தின் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். ஈரத்தில் கயிறு இறுகிக் கிடந்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்து, படங்கை உருவி எடுத்து, நிதுஷன் பெருமூச்சு விட்டு அண்ணாந்து பார்த்தான்.

மழை நின்றுவிட்டது. டிக்கோயாப் பக்கம் வானவில் ஒன்று பல்லைக் காட்டியது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது, மாதக் கணக்கில் காணாத வெயில் அடித்தது. லயத்துக்கு லயம் பாயும் தலையணையும் காய்ந்தன. நிதுஷன் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டான். சேர் வருவதற்குள் மலையேறித் தானே ஊற்றிவிட்டு வரலாம். தண்ணீர் வானத்திலிருந்து வந்ததா போத்தலிலிருந்து வந்ததா என்று சிக்னல் பார்ப்பதில்லை, செய்தி போகிறதா என்பதுதானே கேள்வி. அவன் தோட்டத்து ஒபீஸைக் கடக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

"இந்தா நிக்கிறீங்களே! அப்பாடா, என்ன வெயில்!" என்று இறங்கிய ரிஃகான் சேர், அவன் கையிலிருந்த போத்தலை வாங்கி, மடமடவென்று குடித்து முடித்தார். "நல்ல மலைத் தண்ணி. வாங்க, ஒபீஸுல உட்காருவோம்."

உட்கார்ந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரையும் வந்து உட்கார்ந்தார். ரிஃகான் சேர் தன் போனை மேசை நடுவில் வைத்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அது அம்மிக்கல்போலக் கிடந்தது.

"சேர், நான் ஒருக்கா மேல போய்ப் பாத்துட்டு..."

"இருங்க தம்பி, பொறகு கழட்டத்தானே போறோம். சேந்தே ஏறுவோம்."

நிதுஷன் சட்டைப் பைக்குள் இருந்த செபமாலையைத் தொட்டுக்கொண்டான். மழை கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. யாருடைய பாயோ தலையணையோ நனைந்துவிடும். உமக்குத் தெரிந்தபடி செய்யும் என்று மட்டும் சொன்னான்.

பத்து மணி கடந்து கொஞ்ச நேரம். ரிஃகான் சேர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போன் மணியடித்தது.

நிதுஷனின் போனும் அடித்தது. ஒபீஸ் போனும் அடித்தது. ரிஃகான் சேர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, உரத்து வாசித்தார்.

"ஏழாம் நம்பர் மலை. கடும் மழை. பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்துச் செல்லவும்."

மூவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். மலைக்கு மேல் வானம் கழுவித் துடைத்த நீலம். ஆனால் கீழே பிள்ளைக்காம்பராவின் கதவு திறந்தது. பிரியந்தி டீச்சர் போனைக் கையில் பிடித்தபடி முன்னே வர, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். சுடுவெயிலில், ஆளுக்கொரு குடையோடு. ஒரு பிள்ளைகூடத் தள்ளவில்லை, அழவில்லை. வரிசைக்கு நடுவில் நிலக்ஷி, "பெட்டி பேசிருச்சு! தமிழ்லயே பேசிருச்சு!" என்று குதித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

ரிஃகான் சேர் செய்தியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு நிதுஷனின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"மலைநாட்டு மழைன்னா இதுதான்! கீழ வெயிலு, மேல கொட்டுது. இதுக்குத்தானே பெட்டியே வேணும்! பெட்டி இங்கதான் இருக்கும் தம்பி. மத்த மலைகளுக்கும் திட்டம் போடுங்க."

"அது அப்படித்தான்," என்றார் துரை, தானே பெய்வித்ததுபோல. "எங்க தோட்டத்து மழை யார் சொல்லும் கேக்காது."

ஜீப் வளைவு திரும்பி மறைந்ததும் நிதுஷன் மலையேறினான். பாதையெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஏழாம் நம்பரில் இலைகள் காய்ந்திருந்தன. கல் காய்ந்திருந்தது. பெண்கள் அவனைக் காணாதவர்களைப்போலத் தலையைக் குனிந்து கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐவி வழக்கத்தை விடச் சத்தமாக மாதா பாட்டுப் பாடினாள்.

"அக்கா, மழை பெஞ்சிச்சா?"

"நாங்க எங்க தம்பி வானத்தப் பாத்தோம்? கொழுந்தத்தான் பாத்தோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிதுஷனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. பெண்களுக்குப் பத்து மணித் தேத்தண்ணி சுமந்து வருகிற சின்னத்தம்பி அண்ணன் கல்லடியில் உட்கார்ந்து பெரிய கேனைக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் கோப்பைகள் எல்லாம் கழுவாமல், கழுவவும் தேவையில்லாமல், அடுக்கியபடியே இருந்தன.

"அண்ணே, ஒரு வாய் தேத்தண்ணி ஊத்துங்க."

சின்னத்தம்பி ஐவியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, துரைக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க தம்பி, நல்லா ஆத்தி, சீனி போடாமத்தான் ஊத்துனோம், எறும்பு வந்துரும்னு ஐவி அக்கா சொன்னிச்சு."